வாசனை வராத பனி

ரவ்த்னாவிடம் பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஒரு குளிர்காலம் விட்டுவைத்தால் போதும், பனியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவை சொல்லிவிடும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு தாத்தாவையே திருத்தும். "தாத்தா, பனி சும்மா கிடக்குதுன்னு நினைக்காதீங்க. ராத்திரி பகலா உள்ளே வேலை நடக்குது" என்று ஆரம்பிக்கும். அந்தத் தாத்தாக்கள் நார்வேயின் வடகோடியில், பின்மார்க் மேட்டுநிலத்தில் ஆயுசு பூராவும் பனிமான் மேய்த்தவர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியா, உள்ளே யாருடா வேலை பாக்குறது?" என்று கேட்பார்கள். யார் சொன்னது என்று கேட்க மாட்டார்கள். ரவ்த்னாவைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

அவளுடைய பாடத்துக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பனி விழும்போது பிள்ளைகளைக் கறுப்புக் கையுறையை நீட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கவைப்பாள். "மூச்சை அந்தப் பக்கம் விடு. மேலே பட்டுச்சுன்னா போயிடும்" என்பாள். விழுந்த பொடிக்கு எத்தனை முனை என்று ஒவ்வொருவனும் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் வாளி நிறையப் பனியை அள்ளி வந்து அடுப்போரம் வைப்பாள். உருகினால் தண்ணீர் எவ்வளவு வரும் என்று பந்தயம். இந்த வருஷம் நீலஸ் என்ற பையன் வாளி நிறைய வரும் என்றான். மதியம் பார்த்தால் அடியில் கொஞ்சம் கிடந்தது.

"யாரோ குடிச்சிட்டாங்க" என்றான் நீலஸ்.

"யாரும் குடிக்கல. மீதி எல்லாம் என்ன, யோசி."

"காத்து" என்றது ஒரு குரல். அது இங்கா. ரவ்த்னாவின் அண்ணன் மகள்.

காற்றுதான். பனி என்பது முக்கால்வாசி காற்று. அதனால்தான் அது போர்வை மாதிரி, மேலே எத்தனை குளிர் அடித்தாலும் கீழே எலிகள் செத்துப்போகாமல் குடும்பம் நடத்துகின்றன. இதையெல்லாம் பிள்ளைகள் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, தொட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதுதான் அவளுக்குப் பிடித்தமானது. அவளுக்கு என்று இருந்ததும் அது ஒன்றுதான்.

அவள் மான் மேய்க்கிற வீட்டில் பிறந்தவள். மண்வெட்டியைப் பனிக்குள் விட்டு எடுத்து, கையில் வருகிற எதிர்ப்பை வைத்தே கீழே மேய்ச்சல் எப்படி என்று சொல்லப் பத்து வயதிலேயே பழகியிருந்தாள். ஆனால் அவர்கள் வீட்டு மேய்ச்சல் நிலம் ஒரு குடும்பத்தைத்தான் தாங்கும். அண்ணன் இஸ்ஸாத் மந்தையை எடுத்துக்கொண்டான். இவள் பாலர் பள்ளிக்குப் போனாள். யாரும் போ என்று விரட்டவில்லை. அன்றைக்குத் தான் அழவில்லை என்று ரவ்த்னா சொல்வாள். அழுதாள் என்று அண்ணி எல்லே சொல்வாள். பிறகு ஆல்டா நகரத்தில் ஆசிரியர் படிப்புப் படித்தாள், ரோடு போட வந்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அவன் நாலு வருஷத்தில் தெற்கே வேலை என்று போனவன் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அவளை அத்தை என்றும் மீதிப் பேர் சித்தி என்றும் கூப்பிட்டார்கள். அவள் காதுக்குறி வைத்த மான்கள் கொஞ்சம் அண்ணன் மந்தையில் இன்னமும் மேய்ந்தன. எத்தனை என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இந்த ஊரில் அது கேட்கக்கூடாத கேள்வி. தெற்கேயிருந்து புதிதாக வந்த தலைமை ஆசிரியை யோருன் முதல் வாரத்திலேயே, "உங்க அண்ணன்கிட்ட எத்தனை மான் இருக்கு?" என்று காபி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். சமையல்கார அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ரவ்த்னா, "மரத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு" என்றாள். ஒருவனுடைய பாங்குக் கணக்கைக் கேட்பதுபோலத்தான் அது. எண்ணிக்கை மட்டுமில்லை, மந்தை எப்படி இருக்கிறது என்றுகூட நேராகக் கேட்க மாட்டார்கள். மேய்ச்சல் நன்றாக இருந்தாலும் "பரவாயில்லை", நாசமாய்ப் போயிருந்தாலும் "பரவாயில்லை". கேட்பது அநாகரிகம், சொல்வது அதைவிட அநாகரிகம். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் வந்து, 'இன்னைக்குக் கொஞ்சம் வெளிச்சமா இருக்கே' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். அப்படிப்பட்ட நாகரிகம்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் மழை பெய்தது.

டிசம்பரில், பனி இன்னும் சரியாகப் போர்த்தாத நிலத்தில், ராத்திரி பூராவும் மழை. மறுநாளும் மழை. ஊர் முழுவதும் கூரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாம் நாள் வானம் தெளிந்து, மூக்கு மயிர் உறைகிற குளிர் இறங்கியது. மேலே பெய்த தண்ணீர், குளிர்காலத்தில் மான் தின்கிற தரைப்பாசியோடு சேர்ந்து அப்படியே ஐஸாக இறுகிவிட்டது. அதற்கு மேல் புதுப்பனி விழுந்து எல்லாவற்றையும் மூடியது. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத வெள்ளைக் குளிர்காலம்.

ரவ்த்னா தன் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியை இறக்கிப் பார்த்தாள். கீழே டங்கென்றது. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தாள். அதே சத்தம். மண்வெட்டியைத் தட்டிச் சுவரில் மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அண்ணனுக்குப் போன் பண்ணலாமா என்று நினைத்தாள். பண்ணி என்ன கேட்பது? அவனுக்குத் தெரியாததையா இவள் சொல்லப்போகிறாள்? இப்படி நினைத்து நினைத்தே அந்த வாரம் போனது. பிறகு பண்டிகை வந்தது. பண்டிகைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்க் கறியும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு, பனியில் ஓட்டுகிற ஸ்கூட்டருக்கு பெல்ட் விற்கிற விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். அன்றைக்குக் கேட்காததை அவள் இன்றுவரை தன் பாவமாகத்தான் சொல்கிறாள். எனக்கும் வேறு பெயர் தோன்றவில்லை.

ஜனவரியில் இஸ்ஸாத் பனி ஸ்கூட்டரின் பின்னால் தீவன மூட்டைகளை இழுத்துக்கொண்டு போவதை ஊரே பார்த்தது. ஊரே கையசைத்தது.

பிப்ரவரிக் கடைசியில் பாலர் பள்ளியில் பனிச்சுவர் வெட்டுகிற நாள் வரும். வருஷா வருஷம் நடப்பது. பள்ளிக்குப் பின்னால் பூர்ச்ச மரச் சரிவில் ரவ்த்னா தரை தெரிகிறவரை தோண்டி, ஒரு பக்கத்தை மண்வெட்டியால் சீவி நேரான சுவராக்குவாள். பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு அதன் முன்னால் மண்டிபோட்டு, குளிர்காலத்தை மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். இந்த முறை தள்ளிப்போட்டுவிடலாமா என்று அவள் யோசித்தாள். முதுகுவலி என்று சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் இலையுதிர்காலத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பனியைப் பற்றி அவர்களிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சரிவில் மரத்தடி என்பதால் ஒருவேளை அங்கே நன்றாக இருக்கலாம் என்றும் ஒரு சின்ன நப்பாசை.

மேல் அடுக்கு போன வாரத்துப் பனி. ஊதினால் பறந்தது. அதற்குக் கீழே காற்று அடித்து அடித்து இறுக்கிய பனி, மண்வெட்டியில் பாலாடைக்கட்டிபோல வெட்டு விழுந்தது. பொடியின் முனைகள் எல்லாம் உடைந்து உருண்டையாகிவிட்டதை நீலஸ் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்தான்.

"ஏன் உருண்டை ஆச்சு?"

"ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு" என்றான் நீலஸ்.

"பரவாயில்லையே. காத்து உருட்டிச்சு, மோதிக்கிச்சு. சரி, அதுக்குக் கீழே என்ன இருக்கணும்? போன வாரம் படம் போட்டோமே."

"சர்க்கரை" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தின.

சர்க்கரை என்றால் அடிப்பனி. தரை வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர், இந்த இரண்டுக்கும் நடுவே ஈரம் ஆவியாகி மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் இருக்கிற பொடிகள் பெருத்து, ஒட்டாமல், கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிகிற சர்க்கரை ஆகிவிடும். மான் காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், சரிந்து விலகிப் பாசி தெரியும். பிள்ளைகளுக்கு இந்தச் சர்க்கரையைக் கையில் வாங்குவதற்காகத்தான் இந்த நாளே.

ரவ்த்னா மண்வெட்டியை இறக்கினாள். அதே டங்.

மெதுவாகச் சுரண்டித் திறந்தாள். கையகலம் தடிமனில் ஐஸ் பாளம், தெளிந்த கண்ணாடியாக. உள்ளே வெளுத்த பாசி ஒரு இணுக்கு உடையாமல் அப்படியே நின்றது. கௌபெரிச் செடியின் சின்ன இலைகூடப் பச்சையாகத் தெரிந்தது. பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை. பிள்ளைகள் "ஓ" என்று குனிந்தன.

அடுத்தது மான் விளையாட்டு. அதை நிறுத்தலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் குல்லாயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நாலு காலில் இறங்கிவிட்டன. சுவரின் அடியில் மூக்கை வைத்து, பாசி வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்க வேண்டும். மற்ற வருஷங்களில் காளான் மாதிரி, ஈர மண் மாதிரி ஒரு வாசனை சர்க்கரைப் பனிக்குள்ளிருந்து வரும். வந்ததும் முதலில் யார் காலால் தட்டுகிறார்களோ அவர்தான் மந்தைக்குத் தலைவி.

இந்த முறை மோந்துகொண்டே இருந்தார்கள். யாரும் தட்டவில்லை.

"எனக்கு வருது" என்றான் நீலஸ்.

"என்ன வாசனை?"

"சாசேஜ்."

"அது உன் கையுறைடா. காலையில தின்னுட்டுத் துடைச்சிருக்க."

எல்லாரும் சிரித்தார்கள். இங்கா சிரிக்கவில்லை. அவள் ஐஸின்மேல் மூக்கை அழுத்திவைத்திருந்தாள். பிறகு நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தாள். எழுந்து நின்று, மான் செய்வதுபோலக் குதிகாலால் ஓங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஐஸில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"அத்தை, இது வழியா வாசனை வராதா?"

"வராதும்மா. பனின்னா உள்ளே காத்து போற வழி இருக்கும். ஐஸ்ல வழி கிடையாது."

"அப்ப கீழே பாசி இருக்குன்னு மானுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாட்டி அது தோண்டாதுல்ல?"

"தோண்டாது."

இங்கா கொஞ்ச நேரம் அந்தப் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வெள்ளமூக்கி என்ன சாப்பிடும்?"

வெள்ளமூக்கி அவளுடைய சொந்த மான். போன கோடையில் கடற்கரைப் பட்டியில் அப்பா கையைப் பிடித்துக்கொள்ள, கன்றின் காதில் தன் பெயருக்கான குறியை அவளே வெட்டினாள். மேய்க்கிற வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒன்று உண்டு. அது குட்டி போட, அதன் குட்டி குட்டி போட, அவள் பெரியவளாகும்போது அதுதான் அவளுடைய மந்தை.

"அப்பா மூட்டை மூட்டையா தீவனம் கொண்டுபோறாரே, பாக்கல?" என்றாள் ரவ்த்னா.

"அதை அது சாப்பிடுதா?"

"அப்பாகிட்ட கேளு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஊரில் ஒரு பெரிய மனுஷன் வாயிலும் வராத கேள்வியை, இரண்டு மாதமாகத் தன் வாயிலும் வராத கேள்வியை, ஐந்து வயதுப் பிள்ளை தலையில் ஏற்றி அனுப்புகிறாள். திருத்திச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. "வாங்க, உள்ளே போய்ச் சூடா ஏதாவது குடிப்போம்" என்றாள்.

சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்களில் மிக்கலும் ஒருவன். அவன் ரவ்த்னாவுக்கும் இஸ்ஸாத்துக்கும் சித்தப்பா மகன். இஸ்ஸாத்துக்கு இளையவன், ரவ்த்னாவுக்கு மூத்தவன். அவன் மேய்ச்சல் நிலம் அண்ணன் நிலத்தை ஒட்டி மேட்டில் இருந்தது. நீலஸ் அவன் காலைக் கட்டிக்கொண்டு ஐஸ், கண்ணாடி, வாசனை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினான். மற்றவர்கள் போன பிறகும் மிக்கல் கதவோரம் நின்றான். மகனுடைய பூட்ஸ் பற்றிப் பேசினான். டீசல் கிடைக்காதது பற்றிப் பேசினான். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னைக்கு மேட்டுல மழை இல்ல தங்கச்சி. எங்க பக்கம் பனியாத்தான் விழுந்துச்சு."

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் ரவ்த்னாவுக்குப் புரிந்தது. அவன் தன் நிலத்தைத் திறந்துவிடுகிறான். மேட்டில் கொஞ்சம் குளிர் கூடுதல், அந்தக் கொஞ்சத்தில் மழை பனியாகிவிட்டது. அடியில் சர்க்கரை இருக்கிறது. மான் தட்டினால் பாசி.

"அண்ணே, இதை இஸ்ஸாத் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? மூத்தவரு. 'உங்க மான் பட்டினி கிடக்குது, என் இடத்துக்கு ஓட்டிட்டு வாங்க'ன்னா? மூஞ்சியில அடிக்கிற மாதிரி இல்ல? அவரு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே வழி விட்டிருப்பேன். நானே முன்னால போய் ஓட்டியிருப்பேன்."

"எப்பலேருந்து காத்திருக்கீங்க?"

"கிறிஸ்மஸ்லேருந்து."

அவன் முகத்தில் நிஜமான வேதனை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "நல்லா காத்திருந்தீங்க. நானும்தான் காத்திருந்தேன். ஊரே மரியாதையாக் காத்திருந்துச்சு" என்றாள். மிக்கல் மகனுக்குக் குல்லாய் மாட்டினான்.

சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடித்ததும் ரவ்த்னா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழி நெடுக வாக்கியத்தைத் தயார் செய்தாள். மிக்கல் பெயரை எங்கே எடுப்பது, அண்ணனுக்குக் குறைச்சலாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று. ஆனால் மனசு லேசாகவும் இருந்தது. மந்தையை இரண்டு நாளில் மேட்டுக்கு ஏற்றிவிடலாம். மே மாதம் வரை ஓட்டிவிட்டால் போதும். அவளும் லீவு போட்டுவிட்டு ஓட்டக் கூடப் போவாள். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு மந்தைக்குப் பின்னால் போவது. அதை நினைத்ததும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள்.

வீட்டு வாசலில் நாய் படுத்திருந்தது. எழுந்து குரைக்கக்கூடச் சோம்பல்பட்டு வாலை மட்டும் ஆட்டியது. அந்த வீட்டில் அது ஒன்றுதான் கொழுத்திருந்தது. ரவ்த்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லே காபி ஊற்றினாள். அந்த ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டியை வெட்டிக் கோப்பைக்குள் போட்டாள். காய்ந்த இறைச்சியை வெட்டிப் பலகையில் வைத்தாள். இங்கா தரையில் உட்கார்ந்து கயிற்றைச் சுருக்குப்போட்டு நாற்காலிக் காலில் வீசிக்கொண்டிருந்தாள். இஸ்ஸாத் ஜன்னலோரம் இருந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான்.

"வாத்தியாரம்மா வந்தாச்சு" என்றான்.

"வந்துட்டேன்."

"பிள்ளையை அப்பாகிட்ட கேளுன்னு சொன்னியாமே."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"கேட்டா. சாப்பிடுதுன்னு சொன்னேன். மறுநாள் நான் கிளம்பும்போது ஸ்கூட்டர்ல ஏறி உக்காந்துட்டா. இறங்குடின்னா இறங்கல. அம்மா வந்து இழுத்தா, அப்பவும் கையை விடல. கூட்டிட்டுப் போனேன். வேற என்ன பண்றது."

இங்கா கயிற்றை வீசுவதை நிறுத்தவில்லை.

தயார் செய்த வாக்கியம் எதுவும் ரவ்த்னாவுக்கு ஞாபகம் வரவில்லை. "அண்ணே, மிக்கல் அண்ணன் மேட்டுல மழை பெய்யலை. அங்க அடிப்பனி நல்லா இருக்கு. நீ ஓட்டிட்டு வந்தா வழி விடுறேங்கிறாரு. கிறிஸ்மஸ்லேருந்து நீ கேப்பேன்னு பாத்துட்டிருந்தாராம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

இஸ்ஸாத் திரும்பினான். "கிறிஸ்மஸ்லேருந்தா?"

"ம்."

"ஜனவரி பூரா அவன் வீட்டைத் தாண்டித்தான் மூட்டை இழுத்துட்டுப் போனேன். இன்னைக்காவது வெளிய வந்து நிப்பானா, ஒரு பேச்சுக்காவது மேட்டுப் பக்கம் எப்படின்னு சொல்லுவானான்னு பாத்தேன். அவனும் வருவான். கையை ஆட்டிட்டு உள்ளே போயிடுவான்."

"நீ ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம்" என்றான். அவன் எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்திருந்தவளுக்கு அது தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டு தடவை வேகத்தைக் குறைச்சேன். நின்னுட்டா கேட்டாகணுமேன்னு திரும்ப முறுக்கிட்டேன்."

"இப்ப ஓட்டலாமே. நாளைக்கே. நான் லீவு சொல்லிட்டு வரேன். மிக்கல் அண்ணனும் வருவாரு."

"மேட்டுக்கு ஏறணும்னா நடக்கணும் ரவ்த்னா."

அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான். தீவனத்தை அவன் கொண்டுபோனது உண்மைதான். ஆனால் குளிர்காலம் பூராவும் பாசியே தின்று பழகிய வயிறு. அதுவும் மூன்று வாரம் காய்ந்த வயிறு. சிலது மூட்டைப் பக்கமே வரவில்லை. சிலது பாய்ந்து வந்து வயிறு முட்டத் தின்றது. "காலையில போய்ப் பாத்தா அதுங்கதான் செத்துக் கிடக்கும். ஒண்ணை அறுத்துப் பாத்தேன். உள்ளே தீவனம் போட்டது போட்டபடி இருக்கு. ஒரு உருண்டைகூடக் கரையல. நிறைஞ்ச வயித்தோட பட்டினியில செத்திருக்கு." கோப்பையைக் கீழே வைத்தான். "கீழே பாசி ஒரு குறையும் இல்லாம இருக்கு. பெட்டியில வச்சுப் பூட்டின மாதிரி. நடக்க முடிஞ்சதெல்லாம் மேய்ச்சல் தேடிச் சிதறிப் போச்சு. அதுவும் எங்கே போயிருக்கும், இந்தப் பக்கம் எங்க பாத்தாலும் இதே ஐஸ்தான்."

வயிற்றில் பாசியைக் கரைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, பட்டினி போட்டால் மானுக்கு முன்னால் அவைதான் சாகும். இதை ரவ்த்னா படித்திருக்கிறாள். பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். டிசம்பரில் அவள் போன் பண்ணியிருந்தால், மிக்கல் வாசலில் நின்றிருந்தால், இவன் வேகத்தைக் குறைத்ததோடு நிறுத்தியும் இருந்தால், அப்போது அவை உயிரோடுதான் இருந்தன. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

எல்லே அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் ஆடுவது தெரிந்தது. ரவ்த்னா பிறந்ததிலிருந்து கேட்காததைக் கேட்டாள்.

"எத்தனை இருக்கு அண்ணே?"

இஸ்ஸாத் ஜன்னலைப் பார்த்தான். எல்லே திரும்பவில்லை.

"பத்தொம்பது" என்றாள் இங்கா. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நிக்கிறது பத்தொம்பது, அத்தை. நான் எண்ணினேன். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி பத்து வந்ததும் ஒரு விரலை மடக்கி வச்சுக்கிட்டேன். வெள்ளமூக்கி அதுல இல்ல. படுத்திருக்கிறதை எண்ணல, அது நிறைய."

ரவ்த்னா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மேய்க்கிற வீட்டில் பிள்ளை இப்படி எண்ணிக்கையை வெளியே விட்டால் அப்பன் அதட்டுகிற ஒரு அதட்டல் உண்டு. அதற்காகக் காத்திருந்தாள். அந்த அதட்டல் வந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொள்ளாத குறையாகக் காத்திருந்தாள். அதட்டினால், மறைத்துவைக்க மந்தை என்று இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

இஸ்ஸாத் மகளை அருகில் வரச்சொல்லிக் கைகாட்டி, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"சரியாத்தான் எண்ணியிருக்கா" என்றான். "வெளிய யாராவது கேட்டா சொல்லிடு ரவ்த்னா."